பட்டாளத்துக்குப் போகிறவனின் கணக்கு

வட ஆர்க்காட்டுக் கிராமங்கள் சிலவற்றில் பழைய சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடத்து முகப்பிலோ ஒரு சின்னக் கல் பதித்திருக்கும். திருவிழாவுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் அதன்மேலும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவதால் எழுத்துப் பள்ளங்களில் சுண்ணாம்பு ஏறிப்போய், விரலால் தடவித்தான் படிக்க வேண்டியிருக்கும். 1914 முதல் 1919 வரையிலான பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் செய்தி. இரண்டு எண்கள் இருக்கும். பெயர் ஒன்றுகூட இருக்காது. அங்கிருந்து அதிக தூரமில்லாத செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. அவற்றில் ஆநிரைக்காகச் செத்தவனின் பெயர் இருக்கிறது, அவன் யாருடைய சேவகன் என்பது இருக்கிறது, எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது இருக்கிறது, ஆயுதம் பிடித்து நிற்கும் அவன் உருவமும் இருக்கிறது. சண்டையில் பட்டவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டதையும் பழங்கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தக் காலத்தை நான் ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டுக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலம் அது. தலைவன் சொல்லுக்குச் செத்த சேவகனின் மனதில் என்ன இருந்தது என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை. ஆனாலும் செத்தவன் யார், அவனுக்குப் பிறகு அவன் வீட்டில் யார் சோறு போடுவார்கள் என்ற இரண்டையும் அந்த ஊர்கள் யோசித்திருக்கின்றன. என்னைப் பல காலமாகத் தொந்தரவு செய்வது 1914 கல்லில் எழுதாமல் விட்ட இன்னோர் எண். போனவர்களிலிருந்து செத்தவர்களைக் கழித்தால் கிடைப்பவர்கள். மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் மெசபடோமியாவுக்கும் கப்பலேறிப் போய், திரும்பி வந்தவர்கள். அவர்களுக்கு அது லாபமா, நட்டமா? இப்படிக் கேட்கும்போதே கேள்வி பிசகுவதாகத் தோன்றுகிறது. கையெழுத்துப் போடுகிறவன் ஒருவன், அந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிறவர்கள் வேறு சிலர், விலையைக் கொடுக்கிறவர்கள் இன்னும் சிலர். பதினேழரை வயதில் போடும் கையெழுத்துக்கு நாற்பது வயதில் பலன் வருகிறது. நடுவிலிருக்கும் வருடங்களை யாரோ ஒரு பெண் தன் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுகிறாள். எல்லாரையும் ஒரே தட்டில் ஏற்றி எடை பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எப்படித் தெரியும்?

பட்டாளத்துக்குப் போகலாமா வேண்டாமா என்ற பேச்சு எல்லா வீட்டுத் திண்ணையிலும் எழுவதில்லை. இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. விரும்பியவர்தான் போகிறார். ஆனால் அந்த விருப்பம் சில ஊர்களில், அந்த ஊர்களுக்குள்ளும் சில தெருக்களில்தான் தலைமுறை தலைமுறையாக முளைக்கிறது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள்; வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார் என்று பேர். எங்கள் ஊர் அவ்வளவு பேர் பெற்றதல்ல. எங்கள் தெரு காலனித் தெரு. நிலம் இல்லாதவர்கள், இருந்தாலும் ஏரி நிரம்பும் வருடத்தில் மட்டும் விளையும் அரை ஏக்கர்க்காரர்கள். அங்கிருந்து என் தாய்மாமா 1970களில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அவர் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மணியார்டர் படிவத்தின் அடிப்பகுதியில், செய்தி எழுத விட்டிருக்கும் அந்தச் சின்ன இடத்தில், “பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தக் கூடாது” என்று எழுதியிருந்தாராம். பாப்பா நான்தான். நான் பள்ளியிறுதி முடித்ததும், ஆசிரியப் பயிற்சிக்குப் போனதும், இன்று இந்தக் கட்டுரையை உட்கார்ந்து எழுதுவதும் அந்த மணியார்டர்களில் வந்தவை. அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளர் இல்லை. வரவுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்.

வரவை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். ராணுவத்தை வெறுப்பவர்கள் எழுதும் கட்டுரைகளில் இது இரண்டு வரியில் போய்விடுகிறது. மாமா முதல் விடுப்புக்கு வந்தபோது கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்த்தெரு வழியாகவே நடந்து வந்தார். சீருடை போட்டிருந்தார், காலில் பூட்ஸ் இருந்தது. எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போன தெரு அது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வழி கேட்கிறவர்கள் சாதிப் பெயர் சொல்லிக் கேட்பது நின்று, மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்க ஆரம்பித்தார்கள். லங்கரில், அதாவது படைச் சமையற்கூடத்தில், எல்லாரும் ஒரே வரிசையில் தட்டு நீட்டுவோம் என்று மாமா சொன்னதை என் பாட்டி மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பாள். ரொட்டி எத்தனை, பருப்பு கெட்டியா தண்ணியா என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். முன்னால் நிற்கிறவன் யார், பின்னால் நிற்கிறவன் யார், அவன் முகம் சுளித்தானா என்பதுதான் வேண்டும். இந்திய வரலாற்றிலேயே பட்டாளச் சம்பளம் ஈட்டிக் கொடுத்த பெரிய வரவு அம்பேத்கர் என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் 1891இல் பிறந்தது மாவ் என்ற படைமுகாம் ஊரில். அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். படைப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு வீட்டில் புத்தகம் புழங்கியதற்கு ராணுவம் தன் ஆட்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு வேண்டுமென்று நினைத்தது ஒரு காரணம். அந்தக் கதவை ஆங்கிலேயர் அவர் பிறந்த ஓரிரு ஆண்டுகளிலேயே மூடினார்கள்; 1892க்குப் பிறகு அவருடைய சாதியினரான மஹர்களை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். போர் மரபினர், போர்க்குணமற்றோர் என்று மக்களைப் பிரித்த அந்தக் கொள்கையில் மதராஸ்காரர்களும் ‘அற்றோர்’ பக்கம் தள்ளப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் வேண்டியிருந்தபோது மறுபடி கதவு திறந்தது. 1941இல் மஹர் ரெஜிமெண்ட் உருவாயிற்று. ஆள் தேவைப்படும்போது மனிதர், தேவை தீர்ந்தால் சாதி. இதையும் வரவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. மாமாவுக்கு இது தெரியும். பேர் முன்னால் ஹவில்தார் என்று போட்டுக்கொண்டு அவர் ஓய்வு பெற்று வந்தபோதும், ஊர்க்கோயில் தேர் எங்கள் தெருவுக்குள் வரவில்லை.

செலவு என்றதும் எல்லாருக்கும் சாவுதான் நினைவுக்கு வருகிறது. அது உண்மையில் இருக்கிற செலவு. அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின்மீது பனிச்சுவர் சரிந்தபோது அங்கிருந்தது 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர். ஹனுமந்தப்பா கொப்பத் ஆறு நாள் கழித்துப் பனிக்கடியில் உயிரோடு எடுக்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்தார். பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்; வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. எதிரி சுட்டுச் சாகவில்லை. சியாச்சினில் இந்தியா இழந்தவர்களில் பெரும்பாலோர் குண்டால் சாகவில்லை. குளிரும் உயரமும் பனிச்சரிவும்தான் கொன்றன. இந்தச் சாவுகளுக்கு நாம் மாலை போடுகிறோம், பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறோம். நானும் பிள்ளைகளை நிற்க வைத்திருக்கிறேன். நிற்கும்போது என் மனம் போவது வேறிடம்: சாகாமல் திரும்பி வந்தவர்களின் வீடு.

மாமாவின் மனைவியான என் அத்தைக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் கணவரின் முகவரி ‘56 ஏ.பி.ஓ.’ என்பதுதான். அது ஓர் ஊர் இல்லை, எந்த ஊர் என்று சொல்லாமலிருப்பதற்கான எண். கடிதத்தில் குளிர் என்று எழுதினால் வடக்கு, மழை விடவில்லை என்று எழுதினால் வடகிழக்கு என்று அவள் யூகித்துக்கொள்வாள். எல்லைக் களத்துக்கு வெளியே பீஸ் ஸ்டேஷன் கிடைத்தால்தான் குடும்பத்தை அழைத்துப் போகலாம். குவாட்டர்ஸுக்கு வரிசை உண்டு. கிடைத்துப் பாத்திரம் பண்டம் வாங்கி நிமிர்வதற்குள் மறுபடி ஃபீல்டு. வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு என்றால் நிறைய என்று தோன்றும். ஜம்முவிலிருந்து சென்னை வரும் அந்தமான் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் மூன்றாம் நாள் வந்து இறங்கி, ஒரு நாள் தூங்கி எழுந்து, மச்சு ஒழுகுவதைச் சரிபண்ணி, பத்திரப் பதிவுக்கு அலைந்து, தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து, நாத்தனார் சண்டையைத் தீர்த்து, அந்த 60 நாளில் அத்தைக்கென்று எத்தனை நாள் மிஞ்சியிருக்கும்? அவர்களுடைய மூத்த பையன் மூன்று வயதுவரை அப்பாவைக் கண்டால் என் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்வான். பழகி மடியில் உட்கார ஆரம்பிக்கும்போது டிரங்குப் பெட்டிக்குப் பூட்டுப் போடுவார்கள். நடவு, அறுப்பு, மாமியாரின் நோய், பிள்ளையின் மஞ்சள்காமாலை, பங்காளி வரப்பை ஒரு சாண் தள்ளிப்போட்டது எல்லாவற்றையும் அவள் ஒருத்தியாக நின்று பார்த்தாள். தபால்காரர் தந்தி என்று சொன்னால் கையில் வாங்க மாட்டாள். எதிர்வீட்டு ஆளை வாங்கிப் படிக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். பென்ஷனுக்குப் பதினைந்து வருடச் சேவை வேண்டும். மாமா அதைத் தாண்டியும் இருந்தார். அந்தப் பதினைந்து வருடம் அரசாங்கத்தின் பதிவேட்டில் மாமாவின் பெயரில் இருக்கிறது. அதை உட்கார்ந்து கழித்தவளின் பெயர் அவர் செத்த பிறகுதான் அந்தக் காகிதங்களில் முதலாவதாக வந்தது, குடும்ப ஓய்வூதியம் பெறுபவர் என்று. அந்த மாதாந்திரப் பணத்தில்தான் இன்றும் அவள் யாரிடமும் கைநீட்டாமல் இருக்கிறாள். கேண்டீன் கார்டு இருக்கிறது, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வருகிறது. அவளிடம் அது தகுமா என்று நான் கேட்டதில்லை. கேட்டால், பிள்ளைகளைக் காட்டுவாள் என்று எனக்குத் தெரியும். இருவரும் அரசு வேலையில் இருக்கிறார்கள். தன்னைக் கழித்துவிட்டுக் கூட்டிக் காட்டுவாள்.

இன்னொரு செலவு இருக்கிறது. அதைப் பற்றி எழுதலாமா என்று இன்னும் எனக்குத் தயக்கம். சாதக பாதகம் பார்க்கிறவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. ராணுவத்தில் சேரும் பையனிடம் எந்தப் பயிற்சி மையமும் சொல்வதில்லை. அவன் அடையக்கூடியதையும் இழக்கக்கூடியதையும் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அவன் பிறருக்குச் செய்ய நேரக்கூடியது எந்தப் பத்தியில் வரும்? 1987 ஜூலையின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்குப் போன அமைதி காக்கும் படையில் மாமாவும் இருந்தார். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. இந்தியப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே செத்தார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மஹர் ரெஜிமெண்டின் அதிகாரி, நவம்பர் 25 அன்று அங்கே புலிகளோடு நடந்த சண்டையில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் சுட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாமா அந்தச் சமயம் வேறிடத்தில் பாதையில் வெடி தேடிக்கொண்டிருந்தார் என்றுதான் சொன்னார். நாங்கள் அதற்குமேல் கேட்கவில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழகத்தின் மனநிலை அப்படி இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் காலனித் தெருவிலிருந்து மணியார்டர் அனுப்புவதற்காகப் பட்டாளத்தில் சேர்ந்த ஒருவர், தன் மொழி பேசுகிறவர்கள் வீட்டுக் கதவைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டிவிட்டு, தன் ஊருக்கு வந்து, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததை எந்த மனநிலையில் வைப்பது? எப்போதாவது, கேண்டீன் ரம் உள்ளே போன இரவுகளில், அவர் ஒரே ஒரு விஷயம் சொல்வார். சோதனைக்குப் போன வீட்டில் ஒரு கிழவி அவர் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, “நீங்களும் எங்கட பிள்ளைதானே ராசா, உள்ளுக்க பொம்பிளப் பிள்ளையள் கிடக்குதுகள், வராதேங்கோ” என்றாளாம். அவர் என்ன செய்தார் என்று சொல்ல மாட்டார். அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். கட்டளைக்குக் கீழ்ப்படிவது சிப்பாயின் கடமை, பொறுப்பு அனுப்பியவர்களுடையது என்று நான் எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி ராத்திரியில் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தவர் அனுப்பியவர்களில் ஒருவரல்ல, என் மாமா. நான் படித்த படிப்புக்குள் அந்தக் கிழவியின் கதவும் இருக்கிறது. இதைக் கழித்துவிட்டு என் வரவை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது எங்கள் தெருவிலிருந்து ஒரு பையன் தினமும் விடிவதற்கு முன் பைபாஸ் ஓரத்தில் ஓடுகிறான். 1,600 மீட்டரை ஐந்து நிமிடம் முப்பது வினாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், பத்துமுறை பீம் எடுத்தால் 40. ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். இவையெல்லாம் அவன் நாக்கு நுனியில் இருக்கின்றன. என்னிடம் பத்தாவது படித்தவன். நான்கு வருடப் படைச் சேவைக்கான அக்னிவீர் விண்ணப்பத்தை ஒருமுறை சரிபார்க்க வந்தபோது, “போகலாமா டீச்சர்?” என்று கேட்டான். அவன் மனதில் முடிவு ஏற்கெனவே இருந்தது. என் வாயிலிருந்து ஆமாம் என்று வரவேண்டும் என்பதற்காகக் கேட்டான். நான் பதில் சொல்லாமல் அவன் கணக்கைச் சொல்லச் சொன்னேன். முதல் வருடம் மாதம் 30,000, அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்தம், கைக்கு 21,000. நான்காம் வருடம் 40,000, கைக்கு 28,000. முடிவில் 11.71 லட்சம், வரி கிடையாது. “அதுல அஞ்சு லட்சம் உன் சம்பளத்துல பிடிச்சதுதானேப்பா” என்றேன். “ஆமா டீச்சர், ஆனா வெளிய வேல செஞ்சா அந்தப் பிடித்தம் என் கையில நிக்குமா? அண்ணன் கம்பெனில காண்ட்ராக்ட்ல நாலு வருஷம் போனான். பன்னெண்டு மணி நேரம் நிக்கிறான். இன்னா மிச்சம் கீது? ஒரு பைக்கு, அதுவும் டியூல” என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ராணுவத்தில் சேராதே என்று சொல்கிறவர்கள், சேராவிட்டால் அவனுக்காகக் காத்திருப்பது எது என்பதையும் பார்க்க வேண்டும். அண்ணனுக்கும் நான்கு வருடத்துக்குப் பிறகு நிரந்தரம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, அவன் விரல் இயந்திரத்தில் போனால் யாரும் கொடி போர்த்தப்போவதில்லை. பட்டாளமாவது பூட்ஸ் கொடுக்கிறது.

ஆனால் அவன் சொன்ன கணக்கும் மாமா போட்ட கணக்கும் ஒன்றல்ல. மாமாவின் தலைமுறையில் பேரம் எழுதப்படாமலே எல்லாருக்கும் விளங்கியிருந்தது. உன் இளமையை எடுத்துக்கொள்கிறோம், உன் முதுமையையும் உன் பெண்டாட்டியின் முதுமையையும் பார்த்துக்கொள்கிறோம். கொடுக்கிற காலத்தையும் வாங்குகிற காலத்தையும் அந்த ஓய்வூதியம்தான் கட்டி வைத்திருந்தது. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபாத் திட்டம் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. நான்கு வருடம், அதன் முடிவில் 25 சதவீதம் வரை நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியது. ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது, விடுப்பு 30 நாள். படையின் சராசரி வயது குறையும், ஓய்வூதியச் சுமை குறையும், அந்தப் பணம் ஆயுதத்துக்குப் போகும் என்கிறார்கள். ஒரு தேசத்தின் நிதியமைச்சர் இப்படி யோசிப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. சுமை என்ற இடத்தில் எனக்கு அத்தை தெரிகிறாள், அவ்வளவுதான். அந்த அறிவிப்பு வந்தபோது பீகாரில் ரயில்கள் எரிந்தன; செகந்திராபாத் நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞன் செத்தான். கோபப்பட்டவர்களில் பலர் அதற்கு முன்பே ஓட்டத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறியவர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு வருடமாக ஆளெடுப்பு நின்றுபோயிருந்தது. எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தவர்களைப் புதிதாக முதலிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். வயது வரம்பு தாண்டாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். சேர்ந்தவர்களின் லாப நட்டத்தைப் பேசும்போது, சேர முயன்று உதிர்ந்தவர்களை நாம் எண்ணுவதே இல்லை. கல்லூரியை விட்டுவிட்டு ஓடிப் பழகி, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி, கடைசியில் தட்டைப் பாதம் என்றும் முட்டி ஒட்டுகிறது என்றும் நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றும் திரும்பி வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இருபத்திரண்டு வயதில் எதுவும் ஆகாதவர்களாக நிற்கிறார்கள். தேசம் அவர்களிடமிருந்து எதையும் வாங்கவில்லை என்று கணக்குக்காரர்கள் சொல்லலாம். மூன்று வருட விடியற்காலைகளை வாங்கியிருக்கிறது.

நான்கில் ஒருவன் என்பதும் என்னை உறுத்துகிறது. ஒரே பாதுகாப்புக் குழியில் இருக்கும் நான்கு பேரில் மூவர் போகப்போகிறவர்கள் என்று நால்வருக்கும் தெரியும். என் மாமா தன் கூட்டாளிகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் வரும் உரிமை, கூடப் பிறந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போதுகூட வந்ததில்லை. கண்ணிவெடிக்கு முன்னால் மண்டியிட்டு உட்காரும்போது, பின்னால் நிற்கிறவன் தன்னோடு போட்டியில் இருக்கிறான் என்ற நினைப்பு வந்தால் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகாமலிருக்கலாம். இளைஞர்கள் நாம் பயப்படுவதைவிட நல்லவர்கள். 2022 கடைசியில் பயிற்சிக்குப் போன முதல் அணியின் நான்கு வருடம் 2026 கடைசியில் முடிகிறது. அவர்களில் நால்வரில் மூவர் இருபதுகளிலேயே ஊருக்கு வருவார்கள். மத்தியத் துணைப்படைகளில் ஒதுக்கீடு உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள், போகிறவர்கள் போகட்டும். மற்றவர்களில் சிலரையாவது வங்கி வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலிலும் நீல உடையில் பார்ப்போம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மாமாவின் கூட்டாளிகளும் அந்த வேலைக்குத்தான் போனார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. காவலர் சம்பளம் மேல்செலவுக்கு.

பையனுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை. பெற்றோர் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அப்பா இல்லை. அம்மா ஒரு சாயந்தரம் ஷூ கம்பெனியிலிருந்து வந்த களைப்போடு என் வீட்டுக்கு வந்து, கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். தொகை எதையும் அவள் கேட்கவில்லை. “யக்கா, அங்க ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா எனக்கு மாசாமாசம் வருமா?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு. பணியின் காரணமாகவே இறந்தான் என்றால் அதற்கு மேல் 44 லட்சம் கருணைத்தொகையும், மிச்சமிருக்கும் மாதங்களின் சம்பளமும். நிரந்தரச் சிப்பாய் சண்டையில் இறந்தால் அவன் குடும்பத்துக்கு வாழ்நாள் முழுக்க வரும் ஓய்வூதியம் அக்னிவீர்களின் குடும்பங்களுக்கு இல்லை. ஒரே குழியில் ஒரே குண்டில் செத்தாலும் அப்படித்தான். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “மொத்தமா வந்தா அது என் பணமா இருக்காதுக்கா. மச்சினன் வருவான், மருமவன் வருவான், கடன் குடுத்தவன் வருவான். எங்க அண்ணி சைட்ல உழுந்து செத்த அண்ணன் பணத்த ரெண்டு வருஷம் வச்சிருந்தா. இப்ப எங்கூட வேலைக்கு வர்றா” என்றாள். பாதுகாப்புத் துறையில் இந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் யாராவது இந்தக் கூடத்தில் உட்கார்ந்து இவளிடம் இதைக் கேட்டிருந்தால், மற்றதையெல்லாம் அப்படியே விட்டாலும், சாகிறவனின் தாய்க்கான மாதாந்திரப் பணத்தை மட்டுமாவது உள்ளே வைத்திருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன். அதைச் சேர்ப்பதற்கு இன்றும் நேரம் இருக்கிறது. நான்கு வருடம்தான் வேலை என்று சொல்லலாம். சாவு நான்கு வருடத்துக்கில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாதா என்ன. இந்த மாசாமாசம் விஷயத்தை நான் அவனிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் போகிறேன் என்றால் போடுகிறேன் என்றாள். மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பீம் எடுத்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றான். அது அவனுக்கு ஏற்கெனவே தெரியுமாம், அறிவிப்பில் படித்திருக்கிறானாம். அம்மாவிடம் யார் சொன்னது என்று கேட்டான்.